மாடியில் சோலார் போடப் போகிறீர்களா? முதலில் ஈபி கார்டை எடுங்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் இப்போது யாரைப் பார்த்தாலும் சோலார் பேச்சுதான். "78,000 மானியம் வருதாமே, மூணு கிலோவாட் போட்டுரலாமாண்ணா?" என்று கேட்கிறார்கள். போன தடவை எத்தனை யூனிட் ஓடியது என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். கட்டிய தொகை ஞாபகம் இருக்கிறது, யூனிட் தெரியவில்லை.

அதனால் முதல் வேலை இதுதான். கடைசி ஆறு பில்லை எடுத்து யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நமக்கு இரண்டு மாதக் கணக்கு என்பதால் ஆறு பில் ஒரு வருஷம். உங்கள் வீடு ஒரு பில்லுக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிறதா? 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு, ஆக 235 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க லட்ச ரூபாயை மொட்டைமாடியில் போடுவானேன், பேசாமல் விட்டுவிடுங்கள். 500-ஐத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் சோலார் நன்றாகக் கட்டுப்படியாகும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், பத்து யூனிட் கூடி 510 ஆனால் 2,100-க்கு மேல் கட்ட வேண்டும், ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் அந்த 2 ரூபாய் 35 காசு சலுகையும் போய்விடும், மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் விழும்.

அப்புறம் அளவு. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்குச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் கேட்கும். எங்கள் வீட்டுக் கணக்கு 620 யூனிட். இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 கிடைக்கும், மீதி 140, அதில் 100 இலவசம். 3,000 ரூபாயைத் தாண்டுகிற பில் சில நூறு ரூபாய்க்குள் இறங்கிவிடும். மூன்று போட்டால் 720 வரும், எங்கள் தேவைக்கே மேலே. மானியமும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 மட்டும், அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான். ஏசி வாங்கும் யோசனை இருந்தால் மூன்று போடுங்கள், சரி. மானியம் கூட வருகிறது என்பதற்காக மட்டும் போடாதீர்கள்.

இனி பெயர். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்கள் கார்டு இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது, பில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. மானியம் இணைப்புக்கு உரியவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும், அவரோ இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது என்று அலைந்து அப்பா பெயருக்கு மாற்றினோம், அது முடிந்தால் ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் இரண்டு இனிஷியல். கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பெயர் சரியானதும் திட்டத்தின் இணையதளத்தில் மொபைல் எண், சர்வீஸ் நம்பர் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம், பத்து நிமிஷ வேலை. 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024-லேயே விதி வந்துவிட்டது.

வெண்டரை அந்தத் தளத்தில் பதிவானவர்களில் இருந்துதான் எடுக்க வேண்டும், வெளியாள் போட்டால் மானியம் இல்லை. பேனலும் டிசிஆர் ஆக இருக்க வேண்டும், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்தவை. விலை குறைவு என்று வேறு பேனலைக் காட்டினால் நழுவிவிடுங்கள். எர்த்திங் எத்தனை குழி என்று கேளுங்கள்: பேனல் பக்கத்து டிசி கரண்டுக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து ஏசி கரண்டுக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று, மொத்தம் மூன்று. நம் பக்கம் நாலடி தோண்டினால் பாறை தட்டும், அதைச் சாக்காக வைத்து ஒரே குழியில் மூன்று கம்பியையும் இறக்கிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, கூடவே நில்லுங்கள்.

வெண்டர் வருவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் இடத்தைத் தரையில் கோடு போடுங்கள். எங்கள் மாடியில் 3 மணிக்குப் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை ஒன்று சரியாக மூன்றாவது பேனல் வரவேண்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பேனல்களை வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் சுணங்கும். தெற்கே தண்ணி டேங்க் இருந்தால் இன்னும் கவனம், மே மாதத்தில் குட்டையாகத் தெரிகிற நிழல் மார்கழியில் நீண்டுவிடும். பேனல் தெற்கு பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் போதும்.

பணத்தை முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாவிட்டால் வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள். பேனல் மாட்டி, வீட்டுக்கு வரும் கரண்டையும் வெளியே போகும் சோலார் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, மின்வாரியத்தார் பார்த்துச் சான்று அந்தத் தளத்தில் ஏறிய பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும்.

ஒன்று மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். போட்ட முதல் வாரமே கோடைக் காற்றில் கரண்ட் போனது. பட்டப்பகல் வெயில், மாடியில் நாலு பேனல், கீழே அம்மா விசிறியால் வீசிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் போட்டுவிடாதீர்கள்.