நினைவிழந்த நிலையில் நமக்காக முடிவெடுப்பவரை நியமிப்பது எப்படி?

என் தந்தை பக்கவாதத்தால் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, “முடிவு சொல்லப்போவது யார்?” என்று மருத்துவர் கேட்டார். அப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்த பவர் பத்திரத்தை நம்பிக்கையோடு நீட்டினேன், அது செல்லவில்லை. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. எந்த நாளுக்காக அதைப் பத்திரப்படுத்தியிருந்தோமோ அந்த நாளிலேயே அது வெற்றுத்தாளாகிவிட்டது. ஆகவே பவர் பத்திரத்தை நம்பியிருக்காதீர்கள். ‘லிவிங் வில்’ எனப்படும், முடிவெடுப்பவரின் பெயரையும் குறிப்பிடும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தையே எழுதுங்கள். பின்னர் அம்மாவுக்கு நாங்கள் எழுதிய முறை இது.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

மூத்த மகன் என்பதற்காக எவரையும் நியமிக்க வேண்டாம். அம்மா எங்கள் மூவரையும் எதிரில் உட்காரவைத்து, “இனிமேல் தேறமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வென்டிலேட்டரை எடுக்கச் சொல்வீர்களா?” என்று கேட்டார். அண்ணன் “அந்தப் பேச்சே வேண்டாம்மா” என்று எழுந்து போனார். எனக்குப் பேச்சு வரவில்லை. தங்கை அழுதாள், ஆனால் அழுதுகொண்டே, அம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னாள். அம்மா அவளையே எழுதினார். உறவினர் நெருக்கும்போதும் நம் விருப்பத்தை நம் சொற்களிலேயே சொல்லக்கூடியவர்தான் இதற்கு ஏற்றவர். ஒருவருக்கு மேல் நியமிக்கவும் இடமுண்டு. இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எழுதுவதைவிட, முதலாமவர் கிடைக்காவிட்டால் இரண்டாமவர் என்று வரிசைப்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

படி 2: எழுதுதல்

எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி. பெரிய எழுத்தில் தட்டச்சு செய்த இரண்டு பக்கங்களே போதும். அவசரத்தில் நீண்ட ஆவணத்தை யாரும் படிப்பதில்லை.

படி 3: கையெழுத்து

இந்த ஆவணத்தை ஏற்ற 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் கேட்டிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். பழைய மாதிரிப் படிவத்தில் மாஜிஸ்திரேட்டுக்கான இடம் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: பிரதிகள்

நியமிக்கப்பட்டவர், குடும்ப மருத்துவர், உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரி ஆகியோருக்கு ஒவ்வொரு பிரதி தர வேண்டும்.

பிற்சேர்க்கை: நியமிக்கப்பட்டவர் சொன்னதும் கருவியை எடுத்துவிடுவார்களா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் கொண்ட முதல் குழுவும், அதன் பிறகு இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனநலச் சிகிச்சைக்கு மட்டும் வழி வேறு: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டே பிரதிநிதியை நியமிக்கலாம்.

மனம் மாறினால் எழுத்து மூலமாக ரத்து செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். ஆகவே பழைய பிரதிகளை எல்லோரிடமிருந்தும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.