நைட்டு மலை ஏற, கேம்ப் போக ஹெட்லேம்ப் பாத்து வாங்கறது எப்படி? (புதுசா வாங்கறவங்களுக்கு)

பிப்ரவரி வந்து வெள்ளியங்கிரி சீசன் ஆரம்பிச்சா போதும், "ப்ரோ நல்ல ஹெட்லேம்ப் ஒண்ணு சொல்லுங்க"ன்னு மெசேஜ் வந்துகிட்டே இருக்கும். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதான் மொத்தமா இங்கயே எழுதிடறேன். மாடல் பேரு சொல்லப் போறதில்ல, அது வருஷத்துக்கு வருஷம் மாறும், எதைப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சிகிட்டா கடையில எது இருந்தாலும் நீங்களே எடுத்துடலாம்.

ஃபோன் டார்ச் போதாதான்னு கேப்பாங்க. ஒரு கையில மூங்கில் தடி, இன்னொரு கையால பாறையப் புடிச்சு ஏறணும், அப்ப ஃபோன வாயிலயா கவ்விக்க முடியும்? மல்லிப்பூ பறிக்கறவங்க, கன்னியாகுமரி பக்கம் விடியறதுக்கு முன்னாடி ரப்பர் பால் வெட்டப் போறவங்க எல்லாம் நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு போறதும் இதுக்குத்தான், ரெண்டு கையும் வேணும்.

ஸ்டெப் 1: எத்தன மணி நேரம் இருட்டுல இருப்பீங்க?

கடைக்கு போறதுக்கு முன்னாடி இத ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பிச்சு ஏழாவது மலையில சூரிய உதயம் பாக்கறதுன்னா சுமார் எட்டு மணி நேரம் இருட்டு. இலங்கையில சிவனொளிபாத மலைக்கு டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் சீசன்ல போனா வழி நெடுக லைட் போட்டிருப்பாங்க, சின்ன லேம்பே போதும், ஆனா சீசன் இல்லாதப்ப அதே 5000-க்கு மேல இருக்கற படிய கும்மிருட்டுல ஏறணும். டென்ட் போட்டு தங்கறதுக்கு மட்டும்னா சமைக்க, பாத்திரம் கழுவ, ஒதுங்கப் போக, அவ்வளவுதான், ரெண்டு மூணு மணி நேரம்.

வேட்டைக்குன்னு தேடறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவுல 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டை குத்தம், முயலுக்கும் அதே சட்டம்தான். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க காட்டுப்பன்னி வேட்டைக்கு பச்சை லைட்டு, சிவப்பு லைட்டு, அரை கிலோமீட்டர் அடிக்கற லைட்டுன்னு ரிவ்யூ போடறது அவங்க ஊரு சட்டத்துக்கு, அவங்க தேவைக்கு. அத பாத்துட்டு அதே லைட்ட வாங்கி இங்க காட்டோரத்துல நைட்டு அடிச்சுகிட்டு திரிஞ்சா வனத்துறைக்காரங்க ஜீப்ப நிறுத்தி விசாரிக்கத்தான் செய்வாங்க.

ஸ்டெப் 2: லூமென்ஸ் எவ்வளவு வேணும்?

லூமென்ஸ்னா லைட்டுல இருந்து மொத்தமா வர்ற வெளிச்சத்தோட அளவு. ரொம்ப வேண்டாம். டென்ட்டுக்குள்ள 20-50 லூமென்ஸ் தாராளம், நடக்க 100-150, செங்குத்தா எறங்கறப்ப இல்ல வழி தெரியாம தேடறப்ப 250-300. அதுக்கு மேல இருக்கறது அவசரத்துக்கு ரெண்டு நிமிஷம் போட்டுப் பாக்கறதுக்குத்தான், அதுலயே நடந்தா பேட்டரி காலி, எதிர்ல வர்றவங்க கண்ணும் காலி.

"90,000 லூமென்ஸ்"னு போட்டு அறநூறு ரூபாய்க்கு விக்கறத பாத்தா சிரிச்சுட்டு அடுத்ததுக்கு போயிடுங்க. பாக்ஸ்ல ஆன்சி எஃப்எல்1னு ஒரு முத்திரை இருக்கான்னு பாருங்க, அதுதான் டார்ச் அளக்கறதுக்கான பொது முறை. அதுல மீட்டர் கணக்குல போட்டிருக்கற தூரம்ங்கறது வெளிச்சம் 0.25 லக்ஸா கொறையற எடம், அதாவது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. 100 மீட்டர்னு போட்டிருந்தா 100 மீட்டர்ல நிக்கற ஆளு முகம் தெளிவா தெரியும்னு நெனச்சுக்காதீங்க.

ஸ்டெப் 3: பேட்டரி கணக்கு

எல்லாரும் கோட்டை விடறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பாக்ஸ் முன்பக்கம் "400 லூமென்ஸ், 100 மணி நேரம்"னு பெருசா இருக்கும். 400 வந்து ஃபுல் வெளிச்சத்துல, 100 மணி நேரம் வந்து இருக்கறதுலயே கம்மி வெளிச்சத்துல, ரெண்டும் ஒண்ணா கெடைக்காது. இன்னொன்னு, ஆன்சி முறையில ஓடற நேரத்த எதுவரைக்கும் எண்ணுவாங்கன்னா, ஆரம்ப வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும். அப்ப 300 லூமென்ஸ்ல 5 மணி நேரம்னு போட்டிருந்தா அஞ்சாவது மணி நேரம் முடியறப்ப வெறும் 30 லூமென்ஸ்தான் இருக்கும், நடுவுல எப்ப எறங்குச்சுன்னு பாக்ஸ்ல இருக்காது.

நீங்களே கணக்கு போடலாம், சுலபம்தான். லித்தியம் செல்லு மேல போட்டிருக்கற எம்ஏஎச்ச (mAh, எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு) 3.6-ஆல, அதாவது செல்லோட வோல்ட்டால, பெருக்கி 1000-ஆல வகுத்தா வாட்-ஹவர், செல்லுல இருக்கற மொத்த சக்தி. ஒரு வாட்டுக்கு தோராயமா 100 லூமென்ஸ்னு வச்சுக்கங்க, நல்ல எல்இடின்னா கொஞ்சம் கூடவே வரும். 3000 எம்ஏஎச் செல்லுன்னா 10.8 வாட்-ஹவர், அதுல 100 லூமென்ஸ் ஏறக்குறைய 10 மணி நேரம் வரும், 1000 லூமென்ஸ் போட்டா ஒரு மணி நேரம். இப்ப "ஒரே செல், 1000 லூமென்ஸ், 8 மணி நேரம்"னு ஒருத்தன் சொன்னா புளுகறான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

செல் வகை மூணு. ஒண்ணு, டிவி ரிமோட்டுல போடற சின்ன பென்சில் பேட்டரி, மூணு போடற மாதிரி வரும். எந்த பெட்டிக்கடையிலயும் கெடைக்கும், அதுதான் அதோட பலம். ஆனா சாதா ஆல்கலைன் செல்லுல நேரம் போகப்போக வெளிச்சம் மங்கிகிட்டே வரும், குளிர்ல இன்னும் சீக்கிரம் படுத்துடும். வருஷத்துல ஒரு தடவ போறவங்களுக்கு இதுவே ஓகே, மூணு செல் எக்ஸ்ட்ரா பாக்கெட்ல போட்டுக்கங்க.

ரெண்டாவது, உள்ளயே செல் வச்சு டைப்-சில சார்ஜ் ஏத்தறது. லேசா இருக்கும், பவர்பேங்க் இருந்தா கவலை இல்ல, ஆனா செல்லு செத்தா மொத்த லைட்டும் போச்சு.

மூணாவது, 18650 செல்ல கழட்டி மாட்டறது, 18 மில்லிமீட்டர் அகலம், 65 நீளம், பேரே அதான் சொல்லுது. எனக்கு கேட்டா அடிக்கடி போறவங்க இத வாங்கறதுதான் சரி, ஏன்னா வழியில ஸ்பேர் செல் மாத்திட்டு போயிட்டே இருக்கலாம். ஒரே எச்சரிக்கை, இந்த சைஸ்ல நல்ல செல்லே 3500 எம்ஏஎச் சொச்சம்தான் வரும், 9900னு அச்சடிச்சிருந்தா டூப்பு. சந்தேகமா இருந்தா எடை போட்டு பாருங்க, ஒரிஜினல் 45 கிராம் கிட்ட வரும், டூப்பு செல்லு பல நேரம் கையில எடுத்தாலே காத்தா இருக்கும். ஃப்ளைட்ல போறவங்க ஸ்பேர் லித்தியம் செல்ல செக்-இன் லக்கேஜ்ல போடாதீங்க, கையில கொண்டு போற பேக்லதான் வைக்கணும், முனைய டேப் ஒட்டி மூடிடுங்க.

ஸ்டெப் 4: வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாருங்க

கடையிலயே செவுத்துல அடிச்சு பாக்கலாம். நடுவுல மட்டும் பளிச்சுனு ஒரு வட்டம் விழுந்து சுத்தி இருட்டா இருந்தா அது தூரத்துக்கு, நடக்கறதுக்கு ஆகாது, கால் கிட்ட என்ன இருக்குன்னு தெரியாது. செவுரு பூரா பரவலா விழணும். ரெண்டும் தனித்தனியா போடற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. நீலம் கலந்த வெள்ளையவிட லேசா மஞ்ச கலந்த வெள்ளை வாங்குங்க, சருகு எது சருகு மேல கெடக்கற பாம்பு எதுன்னு நெறம் பிரிஞ்சு தெரியும்.

நெத்தியில லைட் இருக்கறதுல ஒரு சிக்கல் உண்டு. கண்ணும் லைட்டும் ஒரே எடத்துல இருக்கறதால நெழலே கண்ணுக்கு தெரியாது, கல்லுப்படி எல்லாம் தட்டையா, ஒரே மட்டமா தெரியும், எறங்கறப்ப எவ்வளவு ஆழத்துல கால் வைக்கறோம்னு புரியாது. அப்ப லேம்ப கழட்டி இடுப்பு உயரத்துல கையில புடிச்சு பாருங்க, ஒவ்வொரு படிக்கும் நெழல் விழுந்து மேடு பள்ளம் தெரிய ஆரம்பிச்சிடும். மூடுபனி வந்தாலும் இதேதான், நெத்தியில இருந்து அடிச்சா கண்ணு முன்னாடி வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆயிடும், இடுப்புக்கு எறக்குங்க, வெளிச்சத்தையும் கொறைங்க.

அதே காரணத்தால ஒரு நல்ல விஷயமும் உண்டு. கண்ணு பக்கத்துல லைட் இருக்கறதால புல்தரையப் பாத்தீங்கன்னா அங்கங்க பனித்துளி மாதிரி மினுக்கும், கிட்ட போய் பாத்தா சிலந்தியோட கண்ணு! கைய நீட்டி டார்ச் அடிச்சா இது தெரியாது.

ஸ்டெப் 5: சிவப்பு லைட்

இருக்கறது நல்லது. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20-30 நிமிஷம் ஆகும், ஒரு செகண்ட் வெள்ளை லைட் பட்டா அதெல்லாம் வீண். மங்கலான சிவப்பு அவ்வளவா கெடுக்காது, அதனால நட்சத்திரம் பாக்கறவங்களுக்கும், டென்ட்ல பக்கத்துல தூங்கறவங்க திட்டாம இருக்கவும் உதவும், பூச்சியும் கம்மியா வரும். ஆனா சிவப்புல நடக்காதீங்க, எல்லாம் ஒரே நெறமா தெரியும், பாம்பு இருக்கற எடத்துல வெள்ளைதான்.

ஸ்டெப் 6: மத்த சில்லறை விஷயங்கள்

தண்ணிய எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடுதான் ஐபிஎக்ஸ் (IPX). ஐபிஎக்ஸ்4 இருந்தா மழைச் சாரலுக்கு போதும், ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும், ஆத்துல மீன் புடிக்கப் போறவங்க அத பாத்து வாங்குங்க. எடை 100 கிராமுக்குள்ள இருந்தா ஒரு பட்டை போதும், 150-அ தாண்டுச்சுன்னா உச்சந்தலை மேல போற பட்டை இல்லாம நடக்கறப்ப மூக்குக்கு எறங்கிடும். கீழ சாய்க்கற கீல் டக் டக்னு நிக்கணும், தொளதொளன்னு இருந்தா வேண்டாம். லாக் வசதி இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா பேக்குக்குள்ள பட்டன் அமுங்கி எரிஞ்சுகிட்டே இருக்கும்.

ஸ்டெப் 7: வாங்கின வாரமே வீட்டுல ஓட்டி பாருங்க

ஃபுல் சார்ஜ் போட்டு, நடக்கறதுக்கு எந்த மோட் வைப்பீங்களோ அதுல சாயங்காலம் ஆன் பண்ணி ஒரு ரூம்ல வச்சிட்டு மணிக்கு ஒரு தடவ எட்டிப் பாருங்க, ஸ்டெப் 1-ல எழுதின நேரத்துக்கு மேல ரெண்டு மணி நேரமாவது வரணும். வரலன்னா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி குடுத்துடுங்க. அப்புறம் மொட்டை மாடியில லைட்ட எல்லாம் அணைச்சிட்டு, கண்ண மூடிகிட்டு பட்டன தடவி மோட் மாத்தி பழகுங்க.

ட்ரிப் முடிஞ்சு வந்ததும் ஆல்கலைன் செல்லுன்னா கழட்டி தனியா வைங்க, உள்ளயே விட்டா கசிஞ்சு ஸ்பிரிங்க அரிச்சிடும். ஏற்கனவே வெள்ளையா பூத்திருந்தா காது குடையற பட்ஸ்ல எலுமிச்சம்பழச் சாறு தொட்டு தொடைச்சு, நல்லா காய வச்சிட்டு புது செல் போடுங்க, பெரும்பாலும் எரியும்.