கலர் ஷீட் துரு பிடிக்காம இருக்க என்ன பண்ணனும்

கலர் ஷீட் வாங்கும்போது எல்லாரும் பெயிண்ட்டைத்தான் தடவிப் பாக்குறாங்க, ஆனா இரும்பைக் காப்பாத்துறதுல பாதி வேலை அதுக்கு அடியில இருக்குற ஜிங்க் (துத்தநாக) பூச்சோடது. பெயிண்ட் பொதுவா ப்ரைமர்ங்கிற அடிக் கோட் 5 மைக்ரான், மேல் கோட் 20 மைக்ரான், அவ்ளோதான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). அதனால ஜிங்க் எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க. இசட் 275ன்னா ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம், பக்கத்துக்கு சுமார் 20 மைக்ரான் வரும். இசட் 120ல அதுல பாதிகூட இல்ல.

அடுத்தது வெட்டுறது, ஷீட் கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான். வெட்டின ஓரத்துல இரும்பு வெளிய தெரிஞ்சாலும் பக்கத்துல இருக்குற ஜிங்க் இரும்புக்கு முன்னாடி தானே கரைஞ்சு அதைக் காப்பாத்தும், சின்ன கீறலுக்கும் இதே கதைதான். ஆனா கிரைண்டர் போட்டு வெட்டினா அந்த சூட்டுல ஓரத்துல ஜிங்க்கும் பெயிண்ட்டும் சேர்ந்து கருகிடும், தெறிக்குற பொறி ஒவ்வொண்ணும் பெயிண்ட்ல போய் பதிஞ்சுக்கும், ஈரம் பட்டதும் ஷீட் முழுக்க பொடிப்பொடியா செம்புள்ளி வரும், அப்புறம் ஷீட்டே மட்டம்னு பேரு. தயவுசெஞ்சு தகரக் கத்திரியோ நிப்ளரோ (தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு வெட்டுற கருவி) வச்சு வெட்டுங்க. ட்ரில் பண்ண இரும்புத் தூளையும் அன்னைக்கே மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தள்ளிடுங்க.

ஸ்க்ரூவை ரப்பர் வாஷர் பிதுங்குற அளவுக்கு முறுக்க வேணாம், ஏசி காப்பர் பைப்ல இருந்து சொட்டுற தண்ணி ஷீட் மேல விழவும் விடாதீங்க, காப்பர் கலந்த தண்ணி ஜிங்க்கை வேகமா தின்னுடும். ஷீட்டை அடுக்கி வச்சிருக்கும்போது நடுவுல ஈரம் புகுந்தா வெள்ளைத் துரு, அதாவது ஜிங்க் அரிச்சு வர்ற வெள்ளைப் பொடி, பிடிக்கும், கொஞ்சம் சாய்ச்சு வைங்க.

ஏற்கனவே ஓரத்துல பெயிண்ட் கொப்பளிச்சிருந்தா மேலயே பூசி மறைக்காதீங்க. நகத்தால நெம்பினாலும் உரியாத இடம் வர்ற வரைக்கும் சுரண்டி, லேசா உப்புத்தாள் போட்டு, கழுவி, நல்லா காய விட்டு, ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி ப்ரைமர் அடிச்சிட்டு அப்புறம் கலர் அடிங்க. சாதா எனாமலை நேரா ஜிங்க் மேல அடிச்சா அதுல இருக்குற எண்ணெய் ஜிங்க்கோட சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, கொஞ்ச நாள்ல தோல் தோலா உரியும்.

கடலோரமா இருந்தா மழை படாத இடத்தை, முக்கியமா கூரை ஓரத்துக்கு அடிப்பக்கத்தை, அப்பப்ப நல்ல தண்ணி விட்டு கழுவுங்க, மேல படியுற உப்பை மழையே கழுவிடும், அடியில படியுறது அப்படியேதான் கிடக்கும்.