குழந்தைகளோடு வண்டலூர் பூங்கா: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

வண்டலூர் போய்வந்த குடும்பங்களிடம் கேட்டால் பாதிப்பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: புலி தூங்கிக்கொண்டே இருந்தது, பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. இரண்டுக்கும் காரணம் நேரம்தான். பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்து, உச்சி வெயிலில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் அப்படித்தான் முடியும். திறக்கும் நேரத்தில் வாசலில் இருங்கள். ஆறு விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

ஆறு என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் வண்டலூரில் உள்ள இந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலைதான் 1985-இல் வண்டலூருக்கு வந்தது. இங்கே கூண்டுகளைவிட, அகழி வெட்டிய திறந்தவெளி அடைப்புகளே அதிகம். விலங்குக்கு இது எவ்வளவோ நல்லது. நமக்குத்தான் ஓர் அடைப்பிலிருந்து அடுத்ததற்கு நீண்ட நடை, விலங்கும் சற்றுத் தள்ளி நிற்கும். நாலு வயதுப் பிள்ளை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. அதற்குமேல் உங்கள் இடுப்பில்தான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. காணும் பொங்கலன்று கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். அன்று கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வார நாளின் காலை மிக நல்லது. பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும் பருவமும் அதுவே. கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் திட்டத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிடுங்கள்.

2. முந்தின இரவு

டிக்கெட்டைப் பூங்காவின் இணையதளத்தில் எடுத்துவிடுங்கள். வாசல் வரிசையில் போகும் அரை மணி நேரம் மிச்சம். எதெல்லாம் உள்ளே கொண்டுபோகலாம் என்ற விதிகளையும் அப்போதே படித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அனுமதி இல்லை. ஸ்டீல் பாட்டிலில் பெரியவருக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்று உடை ஒன்று, ஈரத்துணி, முடிந்தால் பைனாகுலர். இவை போதும். புதுச் செருப்பு வேண்டாம், பழகியதையே போடுங்கள்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் என்றால் ஒரு விஷயம். காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும், பிள்ளை வாயில் வைக்காது. ஒரு டம்ளர் சோற்றைச் சூட்டோடு குழைய மசித்து, காய்ச்சிய பால் இரண்டு டம்ளர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு மேசைக்கரண்டி தயிர் மட்டும் கலந்து மூடுங்கள். பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது பதமாகத் தோய்ந்திருக்கும். இதை வெளியே வந்தபின் சாப்பிடத்தான் வைத்திருக்க வேண்டும். நடந்துகொண்டே தின்பண்டத்தைப் பிரித்தால் குரங்குகள் பின்தொடரும். பிள்ளை கையில் பொட்டலம் இருந்தால் பிடுங்க வரும், அதில் பிறாண்டலும் ஆகலாம்.

3. போய்ச் சேருங்கள்

கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கம்தான். இட்லியோ பொங்கலோ, காலைச் சாப்பாட்டை உள்ளே நுழையுமுன் முடித்துவிடுங்கள்.

வாசலில் இரண்டு வேலை உண்டு. அன்றைய உடையில் பிள்ளையை ஒரு போட்டோ எடுங்கள். பிள்ளையின் முன்கையின் உட்புறம் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் நம்பரை எழுதுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் "என்ன கலர் சட்டை?" என்பதுதான் முதல் கேள்வி, பதற்றத்தில் பெற்ற தாய்க்கே அது நினைவுக்கு வராது.

4. தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள்

நுழைவாயிலில் உள்ள வரைபடத்தைப் போனில் எடுத்து, உங்கள் ஆறு விலங்குகளில் மிகத் தொலைவில் உள்ளது எதுவென்று பாருங்கள். பேட்டரி வண்டியில் முதலில் அங்கே போய், அங்கிருந்து வாசலை நோக்கி நடந்து வாருங்கள். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு: தெம்பு இருக்கும்போது பக்கத்தில் உள்ளதைப் பார்த்துவிட்டு, களைத்தபின் தொலைவுக்கு நடக்கிறார்கள். சிங்க உலாவும் (லயன் சஃபாரி) வேண்டும் என்றால் வரிசை சேருமுன் அதை முடியுங்கள். அதற்குத் தனி டிக்கெட்.

விளையாட்டுத் திடல் கண்ணில் பட்டால், "திரும்பும்போது" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஊஞ்சலில் ஏறிய பிள்ளைக்கு அப்புறம் யானையும் வேண்டாம், ஒட்டகச்சிவிங்கியும் வேண்டாம்.

5. ஒரு விலங்குக்குப் பத்து நிமிடம்

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான். "பாரு, பாரு, நீர்யானை! சரி வா" என்று இழுத்துக்கொண்டு ஓடினால் பிள்ளைக்குத் தெரிவது கலங்கிய தண்ணீர் மட்டுமே. நில்லுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் நீர்யானை மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வளர்ந்த விலங்கு ஐந்து நிமிடம்வரை மூச்சடக்கும். பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே இருக்கும்போது முதலில் இரண்டு மூக்குத் துளைகள் தண்ணீர் மட்டத்தில் திறக்கும். புஸ்ஸென்று நீர் தெறிக்கும். பிறகு கண், அதற்குப் பின்னால் சின்னஞ்சிறு காதுகள். அவை படபடவென்று ஆடி நீரை உதறும். அந்தக் காதைப் பார்த்த பிள்ளை அடுத்த விலங்கின் காதைத் தானாகவே தேடும்.

முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தால் "பொம்மை" என்று சிலர் கல்லெடுக்கிறார்கள். தயவுசெய்து தடுங்கள். அது உடல் சூட்டைச் சமன்செய்கிறது, அவ்வளவுதான்.

சோலைமந்தியையும் கருமந்தியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சிங்கவால் குரங்கு என்று சொல்கிறோமே, அதுதான் சோலைமந்தி. கிடைத்த பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும், கன்னம் உப்பும். இலை தின்னும் கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. "யாருக்குக் கன்னம் உப்புது?" என்ற ஒரே கேள்வி போதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு அரிய குரங்குகளைப் பிள்ளை மறக்காது.

எட்டிப் பார்க்க வசதி என்று தடுப்புச் சுவரின்மேல் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். தோளில் தூக்குவதானால் சுவரிலிருந்து இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

6. இரவு விலங்குகள் கூடம்

"உள்ளே ஒண்ணுமே இல்லை" என்று பலர் அரை நிமிடத்தில் வெளியே வருவார்கள். வெயிலிலிருந்து போன கண்ணுக்கு இருட்டு பழகச் சில நிமிடங்களாவது வேண்டும். ஓரமாக நின்று பேசாமல் காத்திருங்கள். இடையில் யாராவது போன் வெளிச்சத்தைப் போட்டால் பழகிய கண் மறுபடி மங்கிவிடும். விலங்கும் மறைவுக்குள் போய்விடும்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு

வண்டலூர் இப்போது வேண்டாம். கிண்டி சிறுவர் பூங்கா போதும். அதற்கும் செவ்வாய் விடுமுறை. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1976 முதல் இருக்கும் முதலைப் பண்ணை நல்ல தேர்வு. நடை குறைவு, முதலைகள் கண்ணுக்கு அருகிலேயே கிடக்கும். அங்கே திங்கள் விடுமுறை.

மீன் காட்சியகம் போனால் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏசி குளிரும். கண்ணாடியைத் தட்டவிடாதீர்கள்: மீனின் உடலின் இரு பக்கமும் நீரின் அதிர்வை உணரும் கோடு ஓடுகிறது, நாம் தட்டுவது அதன் உடம்பில் விழும். போட்டோவுக்கு ஃபிளாஷை அணைத்து, போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள். பிரதிபலிப்பு போய்விடும், மீன் மட்டும் தெரியும்.