குளத்தில் தூண்டில் போடத் தொடங்குவோருக்கு: றீலும் தங்கூசியும்

இரணைமடு போன்ற நன்னீர்க் குளத்தில் தூண்டில் போட விரும்பும் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்குள் நுழைந்தால், கடலுக்கென வந்த பெரிய றீல்களே (தூண்டிற் கோலில் பூட்டி நூலைச் சுற்றும் கருவிகள்) முதலில் கண்ணிற்படும். திலாப்பியா, கெண்டை, விரால் ஆகியவற்றுக்கு அவ்வளவு பாரமான றீல் தேவையில்லை. கையும் தோளும் விரைவில் களைத்துப்போகும் என்பதோடு, சிறிய மீன் இரையைக் கொத்துவதும் கைக்குத் தெரியாது. 2000 அல்லது 2500 என்று அளவு இலக்கமிட்ட, எறியும்போது ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) சுழலாத ஸ்பின்னிங் றீல் ஒன்றே போதும். எறியும்போது ஸ்பூல் சுழலும் பெயிற்காஸ்ரர் வகையில், பெருவிரலால் நேரத்துக்குத் தடுக்கத் தெரியாவிட்டால் நூல் சிக்குப்பட்டுவிடும் ஆதலால், அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும், றீலை இலகுவாகச் சுழலவைக்கும் பெயரிங்குகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். நான்கு நல்ல பெயரிங்குகள் பத்து மலிவானவற்றை விட மேலானவை. பார்க்க வேண்டியது டிராக், அதாவது மீன் இழுக்கையில் நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிடி. கடையிலேயே அதன் திருகை அரைவாசிக்கு இறுக்கி, நூல் சுற்றியிருந்தால் நூலையும் இல்லையேல் ஸ்பூலையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அது விட்டு விட்டுத் துள்ளாமல் ஒரே சீராக நழுவ வேண்டும். கைபிடியைச் சுற்றும்போது உள்ளே கரகரப்போ, பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் திருப்பி வைத்துவிடலாம்.

நூலைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு எங்கள் பழைய தங்கூசியை, அதாவது ஒற்றையிழை நைலோன் நூலை, மிஞ்சியது இல்லை. ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் தடிப்பில், 8 றாத்தல் (சுமார் 3.6 கிலோ) தாங்கும் நைலோன் தங்கூசி, மீன் திடீரென உதறும்போது சற்றே நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், முடிச்சும் இலகுவாகப் பிடிக்கும். பின்னல் நூல் மெல்லியது, வலிமையானது, ஆனால் நீளாது. வெற்று ஸ்பூலில் நேரே சுற்றினால் வழுக்கும் என்பதால் அடியில் சிறிது தங்கூசி சுற்ற வேண்டும். அல்லிக் கொடிகளுக்குள் பதுங்கும் விராலைக் குறிவைப்பவருக்கு மட்டும் 30 றாத்தல் பின்னல் நூல் பொருத்தமானது. ஏனெனில் அங்கே மீனைக் கொடியோடு சேர்த்து இழுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

நூல் சுற்றுவதில் அவசரம் கூடாது. நூற்கட்டையின் ஒட்டுத்தாள் மேலே தெரிய நிலத்தில் வைத்து, ஈரத்துணியால் நூலை இலேசாகப் பிடித்தபடி பத்துப் பதினைந்து சுற்றுக்குப் பின் தளர்த்திப் பாருங்கள். நூல் முறுக்கிக்கொண்டால் கட்டையைக் கவிழ்த்து வைத்துத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் வளையம் வளையமாகக் கழன்று விழும், குறைந்தால் எறி தூரம் போகாது. டிராக்கை நூலின் வலிமையில் கால் பங்குக்கு, அதாவது 8 றாத்தல் நூலுக்கு ஏறத்தாழ 2 றாத்தலுக்கு, சிறிய தராசொன்றில் கொளுவி இழுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வெயிலில் தங்கூசி விரைவில் பலமிழக்கும். சொரசொரப்பாகிவிட்ட நுனியை அவ்வப்போது வெட்டியெறிந்து, வருடத்துக்கு ஒருமுறையாவது நூலை மாற்றுங்கள். வெட்டிய துண்டுகளைக் கரையில் போட்டால் கொக்குகளின் காலில் சிக்கும். அதே றீலைத் தொண்டைமானாற்றின் உவர்நீருக்கும் கொண்டுபோனால், டிராக்கை இறுக்கி மூடி நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவி, துடைத்தபின் தளர்த்தி வையுங்கள். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் உப்பு உள்ளே போய்விடும்.