ஃபோலியோ என்றால் பக்கம் அல்ல

லத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. ஃபோலியோ அதிலிருந்து வந்தது. நம் ஏடும் ஓலையும் வந்த வழிதான். அதனால் தமிழில் ‘ஏடு’ என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘பக்கம்’ என்று வைத்தால்தான் வம்பு.

நானே ஒருமுறை ‘ஃபோலியோ 12’ என்றிருந்ததை 12-ஆம் பக்கம் என்று மொழிபெயர்த்து, மெய்ப்புப் பார்த்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய கையெழுத்துப் பிரதிகளில் எண் ஏட்டுக்குத்தான். முன்புறம் ரெக்டோ, பின்புறம் வெர்சோ. முதல் ஏட்டிலிருந்து எண்ணினால் 12-ஆம் ஏட்டின் முன்புறமே 23-ஆம் பக்கமாகிவிடும். அயர்லாந்தின் பழைய கையெழுத்துப் பிரதியான கெல்ஸ் நூலில் 340 ஃபோலியோக்கள். அதாவது 680 பக்கங்கள். எந்தப் புறம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், தேடுகிறவர் இரண்டு புறத்தையும் புரட்ட வேண்டியதுதான். அச்சுத் தொழிலிலோ கதை தலைகீழ்: அங்கே பக்க எண்ணுக்கே ஃபோலியோ என்று பெயர்!

ஃபோலியோ என்றாலே பெரிய புத்தகம் என்பது அடுத்த தவறு. ஒரு தாளை எடுத்து நடுவில் ஒருமுறை மடியுங்கள். 2 ஏடு, 4 பக்கம் கிடைக்கும், அதுதான் ஃபோலியோ. இன்னொரு மடிப்பு போட்டால் குவார்ட்டோ, மேலும் ஒன்று போட்டால் ஆக்டேவோ. பெயர் மடிப்பைச் சொல்கிறது. உயரம் தாளைப் பொறுத்தது. ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களோடு 1623-இல் வந்த ‘முதல் ஃபோலியோ’வுக்கும் மடிப்பால் வந்த பெயர்தான். அதில் மடித்த 3 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 12 பக்கக் கட்டுகளாகத் தைத்தார்கள். ஆகவே ஒரு கட்டின் வெளித்தாளில் 1, 2, 11, 12 ஆகிய பக்கங்கள் இருக்கும். அடுத்தடுத்த நான்கு பக்கங்கள் ஒரே தாளில் இருக்கும் என்று கணக்குப் போட்டால் இங்கே உதைக்கும்.

கணக்கியலில் நடவடிக்கைகளைத் தேதி வரிசையில் எழுதுவது குறிப்பேடு, அவற்றைக் கணக்குவாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. குறிப்பேட்டின் ஃபோலியோ என்ற நெடுவரிசையில் வர வேண்டியது பேரேட்டுப் பக்க எண். குறிப்பேட்டின் பக்க எண் அல்ல. பேரேட்டில் எடுத்தெழுதிய பிறகே அதை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பிவிட்டால், எந்தப் பதிவு விடுபட்டது என்று பிறகு தெரியாது.

பரஸ்பர நிதியில் ஃபோலியோ எண் என்பது ஒரு நிதி நிறுவனத்தில் உங்களுக்குள்ள கணக்கு எண். ஒரே எண்ணின் கீழ் பல திட்டங்கள் இருக்கலாம். உங்கள் முதலீடுகள் அனைத்தும் சேர்ந்த தொகுப்பு போர்ட்ஃபோலியோ. அந்தச் சொல்லுக்கு மூலம் இத்தாலிய மொழி. பொருள், தாள்களைத் தூக்கிச் செல்லும் பை.