வழியோர எழுத்துகளைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடிப்போன மோட்டலின் நியான் பலகை, களஞ்சியக் கூரையில் வெள்ளை எழுத்தில் ‘ராக் சிட்டியைப் பாருங்கள்’ என்ற சுற்றுலாத்தல விளம்பரம், தேவாலய வாசலில் ஒரு புதிய வாசகம் என்று அமெரிக்கச் சாலையோரங்களில் படிக்கக் கிடைப்பவை ஏராளம். கேமராவும் கையுமாகப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் பெரிய தவறு, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது. அந்த வாசகம் யார் வீட்டு முன்னால் நிற்கிறது என்பதையும் படம் சொல்ல வேண்டும்.

புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1936இல் அட்லாண்டாவில் எடுத்த படம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கீழே வரிசையாகச் சினிமா போஸ்டர்கள். ஒன்றில், கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன நடிகையின் முகம். பின்னால் அச்சில் வார்த்ததுபோல் இரண்டு மர வீடுகள், மாடித் தாழ்வாரங்களில் நீள்வட்டத் திறப்புகள். அந்தத் திறப்புகளும் அவளுடைய கண்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. போஸ்டரோடு நிறுத்தியிருந்தால் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் அந்தத் தெரு நமக்குக் கிடைத்தே இருக்காது.

அடுத்தது நேரம். நண்பகலில் நியான் சோகை பிடித்துத் தெரியும். நள்ளிரவில் கம்பமும் பெயின்ட்டும் இருளில் மறைந்துவிடும். நியூ மெக்சிகோ மாநிலத்து ஊரான டுகும்காரியின் ப்ளூ ஸ்வாலோ மோட்டல் பலகையை, சூரியன் மறைந்தபின் வானில் நீலம் மிச்சமிருக்கும்போது எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; நியான் ஒளியும் அதற்கேற்பத் துடிக்கும் என்பதால் ஷட்டரை 1/60 வினாடியிலோ அதைவிட மெதுவாகவோ வையுங்கள். எல்இடி பலகையில் ஷட்டர் வேகம் கூடினால் பாதி எழுத்துதான் பதியும்.

கீழே நின்று அகலக் கோண லென்ஸை அண்ணாந்து பிடித்தால் எழுத்துகள் பின்னால் சாய்ந்துவிடும். தள்ளி நின்று எடுங்கள். ஆனால் அதற்காக மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் அதிவேக நெடுஞ்சாலையின் ஓரத்தில் காரை நிறுத்தாதீர்கள். அவசரம் தவிர அங்கே நிற்க அனுமதி இல்லை. வேலி தாண்டுவதும் கூடாது.

காய்கறிக் கடைக்காரர் கையால் எழுதிய அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால் அதைக் கேலிப்பொருளாக்கிப் பகிர்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. அந்த அட்டை ஒருவருடைய பிழைப்பு.

‘திரும்பி வரும்போது எடுக்கலாம்’ என்று தள்ளிப்போடவும் வேண்டாம்; அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்திருப்பார்கள். எடுத்த அன்றே ஊர், சாலை, தேதியைக் குறித்துவையுங்கள். சாலையோர அமெரிக்காவைப் பல ஆண்டுகள் சுற்றிப் படமெடுத்த ஜான் மார்கோலிஸின் 11,000க்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. கடையின் பெயர், சாலை, ஊர், மாநிலம் என்று குறிப்பு இருப்பதால், இடிந்துபோன கட்டடத்தைக்கூட அங்கே தேடி எடுக்க முடிகிறது.